என் மகனுக்கு 11 மதிப்பெண் போட்டது யார்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மாவட்டத்துப் பள்ளிகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய இணையதளப் போட்டியில் நான்கு பேர் குழுவாகச் சேர்ந்தான். சொந்த ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்றைப் பற்றித் தளம் உருவாக்க வேண்டும். இவர்கள் எடுத்துக்கொண்டது மார்த்தாண்டம் தேன். மொத்தம் 100 மதிப்பெண். 60 நடுவர்களுடையது, மீதி 40 மற்ற பள்ளி மாணவர்களுடையது. ஒவ்வொரு குழுவும் வேறு ஐந்து குழுக்களின் தளங்களைப் பார்த்து, ஐந்து தலைப்புகளில் தலைப்புக்கு 8 வீதம் மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுத வேண்டும். யார் போட்டது என்று பெயர் வெளியே வராது.

நடுவர்கள் 52 கொடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் போட்டது 31, 33, 34, 29, அப்புறம் ஒரு 11. சராசரி 27.6 ஆகி, மொத்தம் 79.6ல் நின்றுவிட்டது. மூன்றாம் பரிசு வாங்கிய குழுவுக்கு 81. அந்த 11 போட்டவர்களின் கருத்து: "போனில் திறந்தால் எழுத்து படத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவது இல்லை. ஒண்ணும் கொள்ளாது."

நன்றாக இல்லை என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் "கொள்ளாது" என்ற சொல்லைப் பார்த்ததுமே இது தன் அண்ணன் மகன் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டார் தாய். அவன் வேறு பள்ளி, அவனும் அதே போட்டியில் இருந்தான். ரப்பர் தோட்டத்தைப் பாகம் வைத்ததில் இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு. மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். வார்த்தை தடித்து, இப்போது போக்குவரத்து இல்லை. மகனோ மடிக்கணினியில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, "இனி கம்ப்யூட்டரே வேண்டாம்" என்கிறான். சாப்பாடும் சரியில்லை.

அவர் கேட்பது: பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது சட்டப்படி சரியா? ஆர்டிஐ போட்டு அந்தப் பெயரை வாங்க முடியுமா? மூன்றாம் பரிசை மாற்றிக் கேட்கலாமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போடலாமா?

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "இவன் குழுவும் இரண்டு நல்ல தளங்களுக்கு 12, 13 என்றுதான் போட்டது. பிளஸ் டூ படிக்கிற ஒரு அண்ணன் அப்படிப் போடச் சொன்னானாம். எல்லாரும் செய்வதுதானே. அதில் மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றிய ஒன்று ரொம்ப நன்றாக இருந்தது, 28 தூணையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள் என்று இவனே சொன்னான்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மாதக்கணக்கில் பிள்ளை உட்கார்ந்து செய்த வேலை, ஒரே ஒரு எண்ணால் பரிசை விட்டுப் போகிறது என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே மதிப்பெண் போடலாமா?

போடலாம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, புதிய பழக்கமும் இல்லை. 1996 முதல் குளோபல் ஸ்கூல்நெட் என்ற அமைப்பு நடத்திவந்த சைபர்ஃபேர் போட்டியில், பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தளம் செய்து, ஒருவர் தளத்தை ஒருவர் அளவுகோல் வைத்து மதிப்பிட்டார்கள். உங்கள் மகன் போன போட்டியும் கிட்டத்தட்ட அதே அச்சுதான். அமெரிக்காவில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு தாய், வகுப்பில் பிள்ளைகள் தாள்களை மாற்றித் திருத்தி மதிப்பெண்ணை உரக்கச் சொல்வது அந்தரங்கத்தை மீறுவதாகும் என்று வழக்கே போட்டார். 2002ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் நாட்டிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கை, மாணவரின் முன்னேற்ற அட்டையில் சக மாணவர் மதிப்பீடும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை நம் மாநிலம் ஏற்பதும் ஏற்காததும் வேறு விவகாரம். ஆனால் இந்த முறை இன்னும் பல இடங்களில் உங்கள் மகன் முன்னால் வரும்.

"இந்த வயதுக்கு நியாயமாகப் போடத் தெரியாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். நான்சி ஃபால்ச்சிகாவ், ஜூடி கோல்ட்ஃபிஞ்ச் இருவரும் 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000ல் எழுதிய கட்டுரையில், மாணவர் போட்ட மதிப்பெண்ணும் ஆசிரியர் போட்டதும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கண்டார்கள். அளவுகோல் தெளிவாக இருந்து, அது மாணவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தால் ஒற்றுமை இன்னும் கூடுகிறது. அவர்கள் பார்த்தது கல்லூரி மாணவர்களை என்பதை மறக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அளவுகோலை விளக்க வேண்டிய தேவை இன்னும் அதிகம். கடிதத்தைப் பார்த்தால், உங்கள் மகனுக்கு அப்படி யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. போட்டி நடத்தியவர்களிடம் நீங்கள் குறை காண்பதென்றால் அந்த இடத்தில் காணுங்கள்.

பெயரை வாங்க முடியுமா?

சட்ட விஷயத்தை வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அமைப்புகளுக்கும், அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் அமைப்புகளுக்கும்தான் பொருந்தும். தனியார் அறக்கட்டளைக்கு ஆர்டிஐ போட்டால் நேராகப் பதில் கிடைக்காது. அரசு அமைப்பே நடத்தியிருந்தாலும் பெயர் கிடைப்பது கஷ்டம். 2011ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துச் சொன்னது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம். ஆனால் திருத்தியவர் யார் என்பதை, அவருடைய பாதுகாப்பைக் கருதி மறைத்து வைக்கலாம். பெரியவர்களுக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். 2023ல் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது ஆகாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

மகனுக்கு விழுந்த மதிப்பெண்ணைத் தலைப்பு வாரியாகக் கேளுங்கள். நியாயமான அமைப்பாளர் கொடுத்துவிடுவார். போட்டவர் பெயரைக் கேட்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் தயவு செய்து எதையும் போட்டுவிடாதீர்கள். கையில் சாட்சி இல்லாமல் ஒரு பையன் பெயரைச் சொல்லி எழுதினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அது அவதூறு ஆகலாம். சட்டத்தை விடுங்கள், அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அவனோடு டியூஷனுக்கும் பேருந்துக்கும் போகிறார்கள்.

அந்த 11

மூன்று வாக்கியங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். போனில் எழுத்து படத்துக்கு மேல் ஏறி நிற்கிறது என்பது முதலாவது. உங்கள் போனிலேயே திறந்து பார்த்தபோது அப்படித்தான் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் எதையும் போனில்தான் பார்க்கிறோம். கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிட்டதால் பிள்ளைகள் கண்ணில் அது படவில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். "ரப்பர் பூவில் தேனீ தேன் எடுக்கிறது" என்று தளத்தில் இருந்ததாம். நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரப்பர் தேன் முக்கியமாகத் தளிரிலிருந்துதான் வருகிறது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் இனிப்பு நீர் கசியும். தேனீ மொய்ப்பது அங்கேதான். தேனைப் பற்றிய தளத்தில் இது அடிப்படைத் தப்பு. நடுவர்களும் பிடிக்கவில்லை, 34 போட்ட குழுவும் பிடிக்கவில்லை. 34 போட்டவர்கள் எழுதிய கருத்து "சூப்பர்" என்ற ஒரு சொல் என்கிறீர்கள். மதிப்பெண்ணை மறந்துவிட்டு, இந்த இரண்டு குழுக்களில் உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வாக்கியம் வெறும் எரிச்சல். அதற்கு மதிப்பில்லை, அதை அவன் மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கருத்து சரியாக இருப்பதால் எண்ணும் சரியாகிவிடாது. தலைப்பு வாரியாக 2, 2, 2, 2, 3 என்று விழுந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளடக்கத்தில் பிழை இருந்தால் அந்தத் தலைப்பில் குறையட்டும். படங்களுக்கும் மொழிநடைக்கும் ஏன் 2? எல்லாத் தலைப்புக்கும் ஒரே மாதிரி விழுகிறது என்றால், போட்டவர்கள் அளவுகோலைப் படிக்கவில்லை, அல்லது முதலிலேயே முடிவு செய்துவிட்டு எண்ணை நிரப்பினார்கள். இதை அமைப்பாளர்கள் பிடித்திருக்க வேண்டும். ஐந்து குழுக்களில் நான்கு 29 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க ஒன்று மட்டும் 11 போட்டால், பொறுப்புள்ள யாராவது அதை இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மகனின் கணக்குப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டுச் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு எடுத்தால், ஐந்து எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 31ஐ எடுத்துக்கொள்வோம். ஒருவர் இஷ்டத்துக்கு இறக்கினாலும் ஏற்றினாலும் நடு எண் அவ்வளவாக அசையாது. அந்தக் கணக்கில் அவர்களுக்கு 83 வந்திருக்கும். உடனே "அப்படியானால் மூன்றாம் பரிசு எங்களுக்குத்தானே" என்று கிளம்பிவிடாதீர்கள். விதியை மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். மற்றவர்களின் மொத்தமும் மாறும். உங்கள் மகன் குழு 12ஐயும் 13ஐயும் போட்டு இறக்கிய இரண்டு குழுக்களின் மொத்தமும் சேர்ந்தே ஏறும்.

அவன் போட்ட 12

தொட்டிப்பாலம் தளம் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியாது. ஆனால் 115 அடி உயரப் பாலத்தின் 28 தூண்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுக்க வேண்டும் என்றால் பாலத்துக்கு மேலே நின்று எடுத்தால் போதாது. பரளியாற்றுப் பக்கம் படியிறங்கிப் போக வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டிலும் ஒரு தாய் நாலு மாதமாகப் பிள்ளைக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பார். அந்தத் தளம் நன்றாக இருந்தது என்று தெரிந்தே உங்கள் மகன் 12 போட்டான். உங்களிடம் சொல்லவும் செய்தான்.

சகோதரி, அவன் அதை ஏன் உங்களிடம் சொன்னான்? யாரும் கேட்கவில்லை. மனதை உறுத்தாத விஷயத்தை ஒரு பையன் வலிய வந்து அம்மாவிடம் சொல்ல மாட்டான். கோப்பை அழித்தது, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் தோல்வியால் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி அப்படி இருக்கலாம். இன்னொரு பாதி, தான் அடுத்தவனுக்குச் செய்ததுதான் தனக்கும் நடந்தது என்ற நினைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வாயைத் திறந்து சொல்ல முடியாத நிலையில் வீட்டில் எல்லாரும் அவனுக்காக நியாயம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் மேலே அது எவ்வளவு கனக்கும் என்று பாருங்கள்.

"எல்லாரும் செய்வதுதானே" என்ற பேச்சு அவன் காதில் விழ வேண்டாம். உண்மையும் அதுவல்ல. உங்கள் மகனின் தளத்தைப் பார்த்த ஐந்தில் நாலு குழு நேர்மையாகத்தான் போட்டது. அடுத்தவன் வேலையைப் பார்த்து, அது தன்னுடையதைவிட நன்றாக இருந்தாலும், நன்றாக இருக்கிறது என்று எழுத ஒரு பிள்ளைக்கு மனவலிமை வேண்டும். தளம் செய்வதைவிட அது கஷ்டம். இந்தப் போட்டியில் அவன் கற்க வேண்டியிருந்த பெரிய பாடம் அதுதான், அதை இன்னும் கற்கலாம்.

அவனிடம் எப்படிப் பேசுவது? குற்றவாளியாக நிறுத்திக் கேட்காதீர்கள். "தொட்டிப்பாலம் தளத்துக்கு இப்போ மறுபடி போடச் சொன்னா எவ்வளவு போடுவ?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை. அவன் ஒரு எண் சொன்னால், "அதை யாரிடமாவது சொல்லணும்னு தோணுதா?" என்பது அடுத்த கேள்வி. சொல்வதா வேண்டாமா என்று நான்கு பேரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒருவன் மட்டும் போய்ச் சொன்னால் மற்ற மூவரையும் மாட்டிவிட்டதாக ஆகும். சொல்வதென்றால் வழிகாட்டி ஆசிரியர் வழியாகச் சொல்லட்டும். இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. குழுவை நீக்கலாம், சான்றிதழைத் திரும்பக் கேட்கலாம். அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மறைத்து, நீங்கள் மட்டும் 11ஐப் பற்றிப் புகார் கொடுத்தால் ஆபத்து இன்னும் பெரிது. அமைப்பாளர்கள் பதிவைத் திறந்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் சேர்ந்துதான் திறக்கும். அந்தப் பிளஸ் டூ பையனை யாரும் திட்டித் தீர்க்க வேண்டாம். ஆனால் அவன் சொன்னது ஆசிரியர் காதுக்குப் போக வேண்டும்.

அண்ணன் வீடு

"கொள்ளாம்", "கொள்ளாது" என்று நம் மாவட்டத்தில் யார்தான் சொல்லவில்லை? களியக்காவிளைப் பக்கம் போனால் கடைக்குக் கடை கேட்கும். ரப்பர் தேன் தளிரிலிருந்து வருவது அருமனை, குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியும். இந்த இரண்டை மட்டும் வைத்து அண்ணன் மகன்தான் என்று சொல்ல முடியாது. அவன் குழுவுக்கு உங்கள் மகனுடைய தளம் வந்ததா என்பதே உங்களுக்குத் தெரியாது. வந்திருந்தாலும் நாலு பேர் சேர்ந்து போட்டதுதான்.

சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்த பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களின் தோட்டத் தகராறு ஏன் இந்த மதிப்பெண் தாளுக்குள் வர வேண்டும்? மைனிக்கு நீங்களே போன் போடுங்கள். "ஆதாரம் இல்லாம பிள்ளையைச் சொல்லிட்டேன் மைனி, தப்புதான்" என்று சொல்லுங்கள். தோட்டப் பேச்சை அதில் எடுக்காதீர்கள். மறுமுனையில் கோபமாகப் பேசினாலும் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பையன்களைச் சந்திக்க விடுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

அமைப்பாளர்களுக்கு எழுதுவது

பிள்ளைகள் தங்கள் முடிவை எடுத்த பிறகு எழுதுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பள்ளி வழியாகவே போகட்டும். நான்கு விஷயங்களைக் கேட்கலாம்.

- தங்கள் தளத்துக்கு விழுந்த மதிப்பெண்கள், தலைப்பு வாரியாக, பெயர் இல்லாமல்.
- மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் மதிப்பெண்ணை நடுவர் ஒருவர் மறுபடி பார்ப்பது, அல்லது அடுத்த ஆண்டு முதல் இடைநிலை அளவை எடுப்பது.
- மதிப்பிடும் முன் எல்லாக் குழுக்களும் மாதிரிக்காக ஒரே தளத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, ஏன் வித்தியாசப்பட்டது என்று பேசுவது. இந்தப் பயிற்சி ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.
- 15க்குக் கீழோ 38க்கு மேலோ போட்டால் தலைப்புக்கு ஒரு காரணம் கட்டாயம் எழுத வேண்டும் என்ற விதி.

என்னைக் கேட்டால், மாணவர் மதிப்பெண்ணைப் பரிசுக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பேன். பரிசு என்று வந்ததுமே அடுத்தவனை இறக்கினால் நாம் ஏறலாம் என்ற கணக்கு வந்துவிடுகிறது. கருத்தை மட்டும் எழுதட்டும். அடுத்தவர் பிழையை நன்றாகக் கண்டுபிடித்துச் சொன்ன குழுவுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கட்டும். அதையும் கடிதத்தில் எழுதுங்கள். ஏற்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

இந்த ஆண்டுப் பரிசை மாற்றச் சொல்லிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. விதிகளை ஒப்புக்கொண்டுதான் எல்லாரும் சேர்ந்தார்கள். மூன்றாம் இடம் வாங்கிய பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

மகனைப் பற்றி

சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் இப்படியே இருந்தாலோ, தன்னை வெறுத்துப் பேசினாலோ தள்ளிப்போடாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கோப்புகள் அழிந்துவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம். போட்டிக்கு அனுப்பிய பிரதி அமைப்பாளர்களிடம் இருக்கும். அதே கடிதத்தில் அதையும் கேளுங்கள். திரும்பக் கிடைத்தால் உடனே திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் யாராவது பெட்டி வைத்திருக்கும் தோட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போய்க் காம்பைக் காட்டினால், அந்த ஒரு வரியைத் திருத்த அவனுக்கே கை வரலாம். அடுத்த ஆண்டு போட்டிக்குப் போவதும் போகாததும் அவன் விருப்பம்.

அமைப்பாளர்களிடமிருந்து 15 நாளில் பதில் வராவிட்டால் தலைமையாசிரியர் வழியாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.